சான்றிதழில் 140 பெயர்கள், ஒரே ஒரு ஸ்கிரிப்ட் ஃபான்ட்: தப்பு எங்கே?

மைக்கூடு | திங்கள், காலை 10:20

வணக்கம் நண்பர்களே. ஒரு விருதுச் சான்றிதழ் வேலை கையில் இருக்கிறது. ஏ4, படுக்கைவாட்டம். நடுவில் விருது பெறுபவரின் பெயர் ஆங்கிலத்தில், சுழித்துச் சுழித்து எழுதிய பழைய காலத்துக் கையெழுத்து மாதிரி வர வேண்டுமாம். மொத்தம் 140 பெயர்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் டேட்டா மெர்ஜ் (பட்டியலிலிருந்து பெயர்களைத் தானாக நிரப்பும் வசதி) போட்டு எக்செல் பட்டியலை இழுத்துவிட்டேன். மாதிரிப் படமும் இணைத்திருக்கிறேன்.

மாதிரிக்கு ஒரு பெயரை வைத்துப் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. 140ஐயும் ஓட்டியதும் பாதிக்கு மேல் பார்க்கச் சகிக்கவில்லை. சிலவற்றில் முதலெழுத்தின் சுழி மேல்வரியில் போய் இடிக்கிறது. இனிஷியல் இரண்டு இருந்தால் ஆட்டுக்கடா மாதிரி முட்டிக்கொள்கின்றன. குட்டைப் பெயர்கள் நடுவில் தனியாகத் தவிப்பதால் ட்ராக்கிங் (எழுத்துகளுக்கு இடையே சேர்க்கும் இடைவெளி) 40 கொடுத்தேன்; ரயில் பெட்டிகள் கழன்றுகொண்ட மாதிரி ஆகிவிட்டது. நீளமான பெயர் ஒன்று பார்டரைத் தொடுகிறது; நெருக்கினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. இணையத்தில் காட்டும் பிரதியிலோ கடைசி எழுத்தின் வால் கத்தியால் வெட்டியது போல நிற்கிறது.

ஃபான்ட்டை மாற்றுவதா, நான் செய்யும் விதத்தை மாற்றுவதா?

பெசியர்பித்தன் | திங்கள், காலை 10:41

இரண்டாவது. முதலில் அந்த ட்ராக்கிங்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

தொடரெழுத்து (ஸ்கிரிப்ட்) ஃபான்ட்டில் ஒவ்வொரு சின்ன எழுத்தின் வெளியேறும் கோடும் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வந்து முடியும். அடுத்த எழுத்து அதே உயரத்தில் அதை வாங்கிக்கொள்ளும். ஒட்டு தெரியக்கூடாது என்று ஒரு மயிரிழை உள்ளே நுழைத்தும் வரைந்திருப்பார்கள். நீங்கள் 48 பாயின்ட்டில் 40 ட்ராக்கிங், அதாவது எழுத்தளவில் ஆயிரத்தில் 40 பங்கு, கொடுத்தால் ஒவ்வொரு ஒட்டிலும் கிட்டத்தட்ட 2 பாயின்ட் பள்ளம். மறைத்துவைத்த ஒட்டையெல்லாம் நீங்களே பிரித்துக் காட்டிவிட்டீர்கள்.

இன்னொன்று. கெர்னிங் (குறிப்பிட்ட எழுத்து ஜோடிகளின் இடைவெளியைச் சரிசெய்வது) ‘ஆப்டிகல்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ‘மெட்ரிக்ஸ்’, அதாவது ஃபான்ட் வரைந்தவரே வைத்த அளவு, ஆக்குங்கள். ஆப்டிகல் என்பது மென்பொருள் தன் கண்ணால் இடைவெளியை அளந்து மாற்றுவது. அதற்கு ஒட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. சாதாரண எழுத்தில் நல்லது செய்யும் அதே வசதி இங்கே வேலையைக் கெடுக்கும்.

மைக்கூடு | திங்கள், காலை 11:02

ஐயோ, ஆப்டிகல்தான் இருந்தது! மாற்றியதும் பாதிப் பெயர்கள் தானாகச் சரியாகிவிட்டன. பத்து நிமிடத்தில் தீர வேண்டியதற்கு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மற்ற பாதி?

அச்சுக்கோத்தவன் | திங்கள், மதியம் 12:05

இந்த ஒட்டுக் கதையைப் படித்ததும் ஈய எழுத்துக் காலம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது ஒவ்வொரு எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கும். சாய்ந்த எழுத்தென்றால் தலையோ வாலோ கட்டையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டலுக்குத்தான் ‘கெர்ன்’ என்று பெயர். இன்று நீங்கள் திரையில் இடைவெளி சரிசெய்வதைக் கெர்னிங் என்கிறீர்களே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. அழுத்தம் பட்டால் முதலில் முறிவதும் அந்த நீட்டல்தான்.

அதனால் ஈயத்தில் தொடரெழுத்து என்பது முடியவே முடியாத காரியம். ஈயத்துக்குப் பதில் ஒளிப்படம் மூலம் எழுத்துக் கோக்கும் ஃபோட்டோ டைப்செட்டிங் வந்த பிறகுதான் மாத்யூ கார்ட்டர் 1966இல் ஸ்னெல் ரவுண்ட்ஹாண்ட் செய்தார். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் எழுத்துக் கற்பித்த சார்லஸ் ஸ்னெல் என்பவரின் கையை ஒட்டி வரைந்தது. கட்டை ஒழிந்தது, எழுத்துகள் கைகோத்துக்கொண்டன.

ஒற்றைவரி | திங்கள், மதியம் 12:30

> ஈயத்தில் தொடரெழுத்து என்பது முடியவே முடியாத காரியம்

ஐயா, இது கொஞ்சம் ஜாஸ்தி. ரோஜர் எக்ஸ்கோஃபோனின் மிஸ்ட்ரால் 1953இல் ஈயத்தில் வந்ததுதானே? சின்ன எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டும். அதற்கும் வெகுகாலம் முன்பே பிரான்சில் ஃபிர்மின் டிடோ கட்டையையே சாய்வாக வார்த்து ஆங்கிலக் கையெழுத்தை அச்சில் கொண்டுவந்தார்.

அச்சுக்கோத்தவன் | திங்கள், மதியம் 12:48

சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘படாத பாடு பட வேண்டும்’ என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். மிஸ்ட்ராலை மறந்தது என் தவறு.

நாணல்பேனா | திங்கள், மாலை 4:15

நான் எழுத்துப் பேனாக்காரி, கணினி பக்கம் கொஞ்சம் கத்துக்குட்டி. ஆனால் மைக்கூடு போட்ட படத்தில் ஒன்று கண்ணில் பட்டது. பெயர் ஒரு பேனாவில், ‘சான்றிதழ்’ என்று பொருள்படும் மேல் தலைப்பு வேறொரு பேனாவில் எழுதியதுபோல இருக்கிறது. இரண்டும் ‘அழகான கையெழுத்து’ ஃபான்ட்தான். ஆனால் ஒன்றோடொன்று சண்டை.

பெயருக்கு வைத்திருப்பது கூர்முனை நிப் வழி வந்தது. அந்த நிப்பை மேலே இழுத்தால் தலைமுடி மாதிரிக் கோடு. கீழே இழுக்கும்போது அழுத்தினால் இரண்டு பற்களும் விரிந்து மை பரவி, கோடு பருக்கும். பருமனைத் தீர்மானிப்பது அழுத்தம். காப்பர்பிளேட், ரவுண்ட்ஹாண்ட் என்பதெல்லாம் இந்தக் குடும்பம். இப்போது பயிற்சித் தாள்களில் கிடைக்கோட்டிலிருந்து 55 பாகை சாய்வு வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். காப்பர்பிளேட் என்ற பெயரே செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் வந்தது. ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட எழுத்து மாதிரிகள் அப்படிச் செதுக்கியவைதான். அவற்றைப் பார்த்து ரிச்சர்ட் லிப்டன் 1997இல் அடோபிக்குச் செய்தது பிக்கம் ஸ்கிரிப்ட்.

தலைப்புக்கு வைத்திருப்பது பட்டை நிப். இதில் அழுத்தம் கிடையாது. நிப்பை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு கை போகிற திசையைப் பொறுத்துக் கோடு பருக்கும், மெலியும். ஜாஃப் சான்சரி (1979) இந்த வகை.

இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் கண்ணுக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும். ஒன்றை எடுத்துவிட்டு, தலைப்பை அமைதியான, நேராக நிற்கும் ரோமன் எழுத்தில் போடுங்கள். பாடகி ஒருத்தி போதும், மற்றவர்கள் சுருதி பிடிக்கட்டும்.

துளிர் | திங்கள், இரவு 8:10

நடுவில் ஒரு அடிப்படைக் கேள்வி, கோபிக்காதீர்கள். ஸ்வாஷ், லிகேச்சர், கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட் என்று மெனுவில் வரிசையாக இருக்கிறதே, எதை எப்போது போடுவது? நான் எல்லாவற்றையும் டிக் செய்துவிடுகிறேன்.

பெசியர்பித்தன் | திங்கள், இரவு 8:52

கோபமெல்லாம் இல்லை. நாங்கள் எல்லோரும் ஒருகாலத்தில் எல்லாவற்றையும் டிக் செய்தவர்கள்தான்.

கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட்: அக்கம்பக்கம் பார்த்துத் தானாக வடிவம் மாற்றிக்கொள்வது. தொடரெழுத்தில் இதை அணைக்கவே அணைக்காதீர்கள். சின்ன ‘ஓ’, ‘வி’, ‘டபிள்யூ’ போன்றவை மேலே முடியும், மற்றவை கீழே முடியும். ‘ஓ’வுக்கு அடுத்து வரும் ‘எஸ்’ஸை அப்படியே விட்டால் ஒட்டு தொங்கும். அதைச் சரிக்கட்டுவது இதுதான். சில ஃபான்ட்களில் அடுத்தடுத்து இரண்டு ‘எல்’ வந்தால் இரண்டாவதை ஒரு நூல் வேறுபடுத்தியும் காட்டும். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வடிவமாக இருந்தால்தானே ‘இது கையால் எழுதியதல்ல’ என்று பிடிபடுகிறது?

லிகேச்சர்: இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்து ஒரே வடிவமாக வரைந்தது. அதையும் அப்படியே விடலாம். மேக் வைத்திருப்பவர்கள் ஜாஃபினோ ஃபான்ட்டில் அதன் பெயரையே ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். பெயர் முழுவதும் ஒரே வடிவமாக மாறும். ஹெர்மன் ஜாஃப் 1944இல் எழுதிப்பார்த்த ஓர் எழுத்து வரிசைதான் 1998இல் அந்த ஃபான்ட்டாக வந்தது. கம்பீரமான எழுத்து, ஆனால் மேலும் கீழும் இவ்வளவு இடம் கேட்கும் எழுத்தை 140 பெயருக்குத் தானியங்கியாக ஓட்ட நினைக்காதீர்கள். வரி இடைவெளி மலையாக விரியும்.

ஸ்வாஷ்: அலங்கார வால், கொம்பு. இதுதான் ஊறுகாய். இதை மட்டும் கையால் பார்த்துப் பார்த்து வையுங்கள்.

1996இல் ஓப்பன்டைப் என்ற ஃபான்ட் கோப்பு வகை அறிவிக்கப்படுவதற்கு முன்பு இந்த மாற்று வடிவங்களெல்லாம் தனித்தனி ஃபான்ட் கோப்புகளாக வரும். ஓர் எழுத்துக்கு மட்டும் ஃபான்ட்டை மாற்றி, அடுத்த எழுத்துக்குத் திரும்பி வர வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே மனிதர்கள் அளவோடு இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

மைக்கூடு | செவ்வாய், காலை 9:30

என் முட்டலுக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஸ்வாஷ் மொத்தப் பத்திக்கும் ஆன். அணைத்தேன், அமைதி. ஆனால் இப்போது கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது. கேட்டவர்களுக்கு அந்தச் சுழிதான் பிடித்ததே. 140ஐயும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்வதா?

ஒற்றைவரி | செவ்வாய், காலை 9:47

வேண்டாம். க்ரெப் ஸ்டைல் (நாம் எழுதும் விதிக்குப் பொருந்தும் எழுத்துகளுக்கு மட்டும் தானாக ஸ்டைல் போடும் வசதி) போடுங்கள். இரண்டு கேரக்டர் ஸ்டைல் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் ஸ்வாஷ் ஆன், அதைப் பத்தியின் கடைசி எழுத்துக்கு மட்டும் என்று விதி எழுதுங்கள். மற்றொன்று, பெரிய எழுத்துக்கு அடுத்துப் புள்ளி வந்தால், அதாவது இனிஷியலுக்கு, ஃபான்ட்டிலேயே இருக்கும் எளிமையான மாற்று வடிவம். பெரும்பாலான நல்ல ஸ்கிரிப்ட் ஃபான்ட்களில் அது ஏதாவது ஒரு ஸ்டைலிஸ்டிக் செட்டில் (மாற்று வடிவங்களின் தொகுப்பு) இருக்கும், ஃபான்ட்டின் எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப் பேனலில் தேடுங்கள்.

ஸ்டைல் மாறும் இடத்தில் லிகேச்சர் உடையலாம், ஒட்டும் வேறுபடலாம். ஆகவே எல்லாப் பெயர்களின் கடைசி இரண்டு எழுத்தையும் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பி.கு. பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் தட்டிவைத்திருக்கும் எக்செல் வரிசை ஏதாவது இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். ஸ்கிரிப்ட்டின் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் தனியாக மேடையேறப் பிறந்தவை. பத்தையும் வரிசையில் நிறுத்தினால் முள்வேலி.

மைக்கூடு | செவ்வாய், காலை 9:55

அப்படி 11 பெயர்கள் இருந்தன. தலையில் அடித்துக்கொண்டேன்.

கத்திமுனை | செவ்வாய், மதியம் 1:20

திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அச்சுக்குப் போகும் முன் என் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். கூர்முனை வகை ஃபான்ட்டில் மெல்லிய கோடு ஓர் எம்மின் (எழுத்தின் பாயின்ட் அளவேயான அகலம்) ஆயிரத்தில் 20 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 48 பாயின்ட்டில் அது 0.96 பாயின்ட், பிரச்சினை இல்லை. 24இல் 0.48. அதே ஃபான்ட்டில் கீழே ‘செயலாளர்’ என்று 12 பாயின்ட்டில் போட்டால் 0.24, அதாவது இருந்தும் இல்லாத கோடு. இந்த ஃபான்ட்கள் தலைப்புக்கு என்று சொல்வது அழகுக்காக மட்டுமல்ல, இந்தக் கணக்குக்காகவும்தான்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் கவனம். மை நாலு பக்கமும் கொஞ்சம் பரவும், மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். அந்தக் கறுப்பு நாலு மை சேர்ந்ததாக இருந்தால் ஏதோ ஒரு தட்டு இம்மி நகர்ந்தாலும் கோட்டுக்குள் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். ஒரு முறை நான் கொடுத்த வேலையில் ‘எச்’சின் ஒட்டுக்கோடு முழுவதும் இளஞ்சிவப்பாக வந்தது. தூரத்தில் பார்த்தால் அழகுதான், கேட்டது அது இல்லையே.

ஃபாயில் (பளபளக்கும் தாள் ஒட்டுவது), எம்பாஸ் (புடைக்கச் செய்வது) வேலையென்றால் நான் 0.5 பாயின்ட்டுக்குக் கீழே போவதில்லை. வினைல் அல்லது லேசர் வெட்டு என்றால் கட்டாயம் அவுட்லைன் எடுத்து (எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி) எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் என்று பெசியர்பித்தன் மேலே சொன்னார் அல்லவா, கத்தி அந்த இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக வெட்டும். பெயர் பலகையாக வராது, துண்டுதுண்டாகக் கையில் வரும். எழுத்துக்கு ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்தாலும் அதே ஒட்டுகள் கோடாகத் தெரியும்.

இரவுப்பறவை | செவ்வாய், இரவு 11:40

இணையப் பிரதியில் வால் வெட்டுப்படுவதை யாரும் தொடவில்லையே. அது பெரும்பாலும் சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் குறிமொழி) பிரச்சினை. உலாவி எழுத்தின் பெட்டியைத்தான் அளக்கிறது, பெட்டிக்கு வெளியே நீட்டும் மையை அல்ல. (அச்சுக்கோத்தவன் ஐயா சொன்ன அந்தக் கட்டையும் நீட்டலும் இங்கேயும் வந்துவிட்டன பாருங்கள்.) பெயர் இருக்கும் பெட்டியில் ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ (வெளியே நீட்டுவதை மறைக்கும் கட்டளை) இருந்தால் எடுங்கள், இரண்டு பக்கமும் தாராளமாக பேடிங் (உள் இடைவெளி) கொடுங்கள், வரி உயரத்தையும் கூட்டுங்கள்.

லெட்டர்-ஸ்பேசிங் (இணையத்தில் ட்ராக்கிங்குக்குப் பெயர்) ஏதாவது வைத்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும். ஒட்டு பிரிவது ஒருபுறம் இருக்க, அதைப் போட்டால் உலாவிகள் லிகேச்சரையும் கைவிட்டுவிடும்.

அப்புறம் ஃபான்ட் கோப்பைச் சிறிதாக்க சப்செட் செய்தீர்களா, அதாவது வேண்டிய எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினீர்களா? சில கருவிகள் அடிப்படை அம்சங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்வாஷ், ஸ்டைலிஸ்டிக் செட்டையெல்லாம் சத்தமில்லாமல் கழித்துவிடும். அச்சில் வால் இருக்கும், இணையத்தில் இருக்காது. நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடி அலைந்து கண்டுபிடித்தது இது.

துளிர் | புதன், காலை 8:05

இதே அழகைத் தமிழ்ப் பெயரில் கொண்டுவர முடியாதா? ஏதாவது தமிழ் ஃபான்ட்டை எடுத்துச் சாய்த்துவிட்டால்?

நாணல்பேனா | புதன், காலை 11:30

சாய்ப்பதை மட்டும் செய்யாதீர்கள், ப்ளீஸ். மென்பொருள் சாய்த்தால் ‘ழ’வின் சுழியும் ‘ண’வின் வளையங்களும் நசுங்கிய பாத்திரம் மாதிரி ஆகிவிடும். கோடு சாய்வது ஒன்று, வட்டம் சாய்வது வேறொன்று. கையால் சாய்த்து எழுதும்போது வட்டத்தைக் கை வேறு மாதிரி வளைத்துக்கொள்ளும்.

ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நானே கூர்முனை நிப்பில் தமிழ் எழுதிப் பார்த்து நிறையத் தாளை வீணாக்கியிருக்கிறேன். ‘ப’ என்று ஒரே ஓர் எழுத்து எழுதிப் பாருங்கள். இடது கோடு மேலிருந்து கீழே, அழுத்தலாம், பருத்து வரும். அடிக்கோடு இடமிருந்து வலம், மெலியும். வலது கோடு கீழிருந்து மேலே போகிறது. அங்கே அழுத்தினால் நிப் தாளைக் குத்திக் கிழித்து மையைத் தெறிக்கும், அதனால் அதுவும் மெல்லிசு. கடைசியில் ‘ப’ ஒரு கால் தடித்து ஒரு கால் சூம்பி நிற்கிறது. ஆங்கிலச் சின்ன ‘யூ’ தப்பிப்பது எப்படி என்றால், அது மேலே போன பிறகு மறுபடி கீழே இறங்குகிறது, தடித்த கோடு இரண்டு கிடைத்துவிடுகிறது. நம் ‘ப’ மேலே போய் அங்கேயே நின்றுவிடுகிறது.

பட்டை நிப்பில் இந்தத் தொல்லை இல்லை. கோணம்தான் பருமனைத் தீர்மானிக்கிறது, ஏறினாலும் இறங்கினாலும் செங்குத்துக் கோடு ஒரே பருமன். நிப்பை 30 பாகை வாக்கில் பிடித்து ‘ப’ எழுதினால் இரண்டு காலும் சமமாக நிற்கும். புள்ளிகூட அழகான சாய்சதுரமாக விழும். அதனால் தமிழில் அலங்கார எழுத்து தேடுகிறவர்கள் ரவுண்ட்ஹாண்டை நகல் எடுப்பதை விட்டுவிட்டுப் பட்டை நிப் வழியில் போனால் பாதித் தூரம் சுலபம் என்பது என் கட்சி.

தமிழில் எழுத்துகள் கைகோக்காது, அதுவும் உண்மை. ஆனால் வால் விட இடமா இல்லை? ‘ழ’, ‘று’, ‘கூ’, ‘ணு’ எல்லாம் நீளக் காத்திருக்கின்றன. ‘இ’கரக் கொக்கியைப் பக்கத்து எழுத்தின் தலைக்கு மேல் குடை மாதிரி கொண்டுபோகலாம். ஒரு பெயரில் ஒரே ஓர் இடத்தில்.

ஒற்றைவரி | புதன், மதியம் 12:10

எதிர்க்கட்சியாக ஒன்று. கூர்முனைத் தமிழே கூடாது என்பது கையால் எழுதுகிறவரின் பார்வை. ஃபான்ட் வரைகிறவருக்கு நிப் கட்டளையிட முடியாது. ‘ப’வின் வலது காலை வேண்டுமென்றே பருக்க வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

நாணல்பேனா | புதன், மதியம் 12:26

யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அப்போது அது பேனாவின் எழுத்து இல்லை, பேனா வேடம் போட்ட எழுத்து. நல்ல வேடமாக இருந்தால் நானும் கைதட்டுவேன். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி ஒப்பனை கலைந்த வேடம்.

அச்சுக்கோத்தவன் | புதன், மதியம் 2:40

ஃபான்ட்டின் உரிமத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். அச்சுக்கு வாங்கிய உரிமம் இணையத்தில் ஏற்றவும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள், பல நிறுவனங்கள் அதைத் தனியாக விற்கின்றன. செலவே வேண்டாம் என்றால் கிரேட் வைப்ஸ், பின்யான் ஸ்கிரிப்ட் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

மைக்கூடு | வெள்ளி, மாலை 6:15

முடிந்தது. தலைப்பு ரோமனுக்கு மாறியது, பெயர் மட்டும் ஸ்கிரிப்ட். கடைசி எழுத்துக்கு மட்டும் வால், இனிஷியலுக்கு எளிய வடிவம். குட்டைப் பெயர்களை இழுப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வெற்றிடத்தை அப்படியே விட்டேன். அதுதான் இப்போது எல்லாவற்றிலும் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

பட்டியலைப் பார்க்காத ஒருவரிடம் 140ஐயும் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். மூன்று பெயரில் தடுமாறினார். இரண்டில் பெரிய ‘ஐ’யை ‘ஜே’ என்று வாசித்தார், ஒன்றில் ‘டி’யை ‘எஃப்’ என்று. அந்த மூன்றுக்கும் கிளிஃப் பேனலில் வேறு வடிவம் தேடி மாற்றினேன். தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டிய சான்றிதழ் எதற்கு?

பெசியர்பித்தன் | வெள்ளி, மாலை 6:31

பார்டரைத் தொட்ட அந்த நீளப் பெயர் என்ன ஆயிற்று?

மைக்கூடு | வெள்ளி, மாலை 6:40

இரண்டு வரியாகப் பிரித்தேன். மேல்வரியில் இருந்த ‘ஒய்’யின் வால் கீழ்வரி ‘எல்’லின் தலைக்கு நேராக இறங்கியது. கீழ்வரியை மூன்று மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளினேன், வால் இரண்டு எழுத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு சான்றிதழை மட்டும் எனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.